தள்ளினால் மட்டும் போதாது

லண்டனில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. கார் ஓட்டப் பழகுகிற வயதில், வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டி இன்னொன்றோடு பொருத்தவும் பழகுங்கள். அரை நாள் போதும். நெருப்பு வேண்டாம், ஸ்பானர் கூட வேண்டாம். புஷ்-ஃபிட் என்று ஒரு வகை இணைப்பு எல்லா ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கிறது. குழாயை அதற்குள் கையால் தள்ளினால் அது பிடித்துக்கொள்ளும்.

இதைச் சொன்னவுடன் இரண்டு பக்கமிருந்தும் சிரிப்பு வரும். ஒரு பக்கம் பழைய பிளம்பர்மார். "அது லெகோ விளையாட்டு, வேலை தெரியாதவன் போடுறது" என்பார்கள். மறுபக்கம் நம் வீட்டார். "படிச்ச பிள்ளைக்கு உதெல்லாம் எதுக்கு? ஒரு ஆளைக் கூப்பிட்டால் வந்து செய்துபோட்டுப் போறான்" என்பார்கள். இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் முக்கியமான ஒன்றைத் தவற விடுகிறது என்பது என் கருத்து. புஷ்-ஃபிட் வேலையில் இருந்து நெருப்பைத்தான் எடுத்தது. கவனத்தை எடுக்கவில்லை. முன்பு பிளம்பரின் கையில் இருந்த கவனம் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சின்னச் சாமானுக்குள் என்ன இருக்கிறது?

செப்புக் குழாய்களை இணைக்க முன்பு இரண்டு வழிகள்தான் பெரும்பாலும் இருந்தன. ஒன்று சோல்டர்: குழாயைச் சுத்தம் செய்து, ஃப்ளக்ஸ் பூசி, காஸ் டோர்ச்சால் சூடாக்கி, உருகிய உலோகத்தை இடைவெளிக்குள் ஓட விடுவது. மற்றது கம்ப்ரஷன்: ஒரு பித்தளை வளையத்தைக் குழாயில் போட்டு, நட்டை இறுக்கி நசுக்குவது. இரண்டுக்கும் கைப்பழக்கம் வேண்டும். சோல்டருக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று வேண்டும். பழைய மரத்தளத்துக்கு அடியில், தூசிக்கும் காய்ந்த பலகைக்கும் பக்கத்தில், நெருப்பைப் பிடிக்கிற தைரியம்.

புஷ்-ஃபிட் இணைப்பு ஒன்றை நீளவாட்டில் அறுத்துப் பார்த்தால் உள்ளே மூன்று விஷயங்கள் தெரியும். வாயின் பக்கம் துருப்பிடிக்காத எஃகுப் பற்கள் கொண்ட ஒரு வளையம். பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். மீன் பிடிக்கிற கூட்டின் வாயைப் போல, உள்ளே போக விடும், வெளியே வர விடாது. அதற்கு அடுத்ததாக ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். கடைசியில், குழாய் முட்டி நிற்கிற ஒரு படி.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு வேலைகளை இரண்டு பாகங்கள் தனித்தனியாகச் செய்கின்றன என்பது. குழாயைப் பிடித்து வைப்பது பற்கள். தண்ணீரைத் தடுப்பது ரப்பர். பற்கள் பிடித்திருந்தும் ரப்பர் சரியாக அணைக்காமல் இருக்கலாம். அதனால் இழுத்துப் பார்த்து "வரவில்லையே, சரிதான்" என்று எழும்பிப் போவது பாதிச் சோதனை மட்டும்தான்.

இந்த யோசனைக்கு நமக்குக் கிட்டவே ஒரு முகவரி உண்டு. இங்கிலாந்தில் மிகவும் பரிச்சயமான புஷ்-ஃபிட் வகைகளில் ஒன்றான ஸ்பீட்ஃபிட்டைச் செய்யும் ஜோன் கெஸ்ட் கொம்பனி, 1961இல் தொடங்கியது. அதன் இடம் மேற்கு லண்டனின் வெஸ்ட் டிரேட்டன். ஹேஸ், சவுத்ஹோல் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் அந்த வழியால் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். 2018இல் அந்தக் கொம்பனியை ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் உள்ள ரிலையன்ஸ் வேர்ல்ட்வைட் என்ற நிறுவனம் வாங்கியது. வட அமெரிக்காவில் விற்கும் ஷார்க்பைட்டும் அதே நிறுவனத்துடையதுதான். ஆகவே ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் மச்சான் கையில் இருப்பதும் ஏறத்தாழ இதே தத்துவம்தான். ஆனால் அளவு வேறு. இங்கே 15 மி.மீ. என்றால் வெளிவிட்டம் சரியாக 15. அங்கே அரை அங்குலச் செப்புக் குழாய் என்று சொல்வதன் வெளிவிட்டம் ஐந்தில் எட்டுப் பங்கு அல்ல, எட்டில் ஐந்து அங்குலம், 15.9 மி.மீ. லண்டனில் மலிவு என்று சூட்கேஸில் கொண்டு போய்க் கொடுத்தால் அங்கே பொருந்தாது.

5 கிலோ அரிசிப் பை

வீட்டுக் குழாயில் தண்ணீர் சும்மா நிற்கும்போதும் ஓர் இழுபறி நடந்துகொண்டே இருக்கிறது. அது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மி.மீ. குழாயின் முனைப் பரப்பு ஏறத்தாழ 177 சதுர மி.மீ. இரண்டையும் பெருக்கினால் 53 நியூட்டன் வரும். அதாவது 5 கிலோவுக்குச் சற்று மேல். கடையில் வாங்கும் 5 கிலோ அரிசிப் பை ஒன்றை அந்தக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவு விசையோடு தண்ணீர் குழாயை இணைப்பிலிருந்து வெளியே தள்ளுகிறது. இரவும் பகலும், நீங்கள் விடுமுறைக்குப் போயிருக்கும்போதும். 22 மி.மீ. குழாய் என்றால் அது 11 கிலோவைத் தாண்டும்.

இது போதாதென்று, வோஷிங் மெஷின் தன் வால்வைப் படாரென்று மூடும்போது ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென நின்று, அழுத்தம் ஒரு கணம் துள்ளும். சுடுதண்ணீர் போகும்போது குழாய் நீளும், ஆறும்போது சுருங்கும். பிளாஸ்டிக் குழாய் செம்பைவிடக் கூடுதலாக நீளும். இந்த அசைவுகளை எல்லாம் அந்த இணைப்பு பல வருடங்கள் தாங்க வேண்டும். ஒழுங்காகப் பொருத்தினால் தாங்கும். ஸ்பீட்ஃபிட் கொம்பனி 25 வருட உத்தரவாதம் கொடுப்பது இந்த நம்பிக்கையில்தான்.

ஒழுங்காகப் பொருத்தாவிட்டால் என்ன நடக்கும்? இங்கேதான் சிக்கல். பெரும்பாலும் அன்றைக்கு ஒன்றும் நடக்காது.

குழாய் பற்களைத் தாண்டி, ரப்பரின் விளிம்பில் தொட்டும் தொடாமலும் நிற்கிறது என்று வையுங்கள். தண்ணீரைத் திறக்கிறீர்கள். கசியவில்லை. எல்லாரும் சந்தோஷம். பலகையை மூடி, மேலே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. நாலு மாதம் கழித்துக் குளிர்காலத்தில் குழாய் சுருங்கி ஒரு மில்லிமீற்றர் பின்னால் வருகிறது. அன்றுதான் ரப்பர் கைவிடுகிறது. வெட்டிய முனையில் பிசிர் இருந்து ரப்பரை மெல்லிதாகக் கீறியிருந்தாலும் இதே கதைதான். பிளாஸ்டிக் குழாயின் முனைக்குள் போட வேண்டிய இன்சேர்ட் என்கிற சின்னக் குழலைப் போடாமல் விட்டாலும் இதே கதைதான். அந்தக் குழல் இல்லாவிட்டால் மென்மையான குழாய் மெல்ல மெல்ல நசிந்து வட்டம் கெடும். ரப்பருக்கு வட்டம் வேண்டும்.

நான் வேலை செய்வது மென்பொருளில். அங்கே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வோம். ஒரு புரோகிராம் ரெஸ்டில் பாஸ் ஆனால், அந்த ரெஸ்ட் எதைப் பார்த்ததோ அது மட்டும் சரி என்று பொருள். பார்க்காததைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். இன்றிரவு கசியவில்லை என்பது, இன்றிரவு கசியவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. சரியாகப் பொருத்தினோமா என்பதற்குச் சான்று தண்ணீரைத் திறந்த பிறகு கிடைப்பதில்லை. அது, திறப்பதற்கு முன் நீங்கள் செய்த வேலையில் இருக்கிறது.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது

முதலில் தண்ணீரை மூடி, வீட்டின் தாழ்வான ஒரு டாப்பைத் திறந்து குழாயில் மிச்சம் உள்ளதை வடிய விட வேண்டும். பழைய வீடுகளில் மேல் லொஃப்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கலாம். அப்படி இருந்தால் வெளியில் இருந்து வரும் தண்ணீரை மூடினாலும் தொட்டித் தண்ணீர் கீழே வந்துகொண்டிருக்கும். அதை முதலிலேயே பார்த்து வையுங்கள்.

பிறகு வெட்டுவது. செம்புக்கு வட்டமாகச் சுற்றி வெட்டும் கட்டர் இருக்கிறது. பிளாஸ்டிக்குக் கத்தரிக்கோல் மாதிரி ஒன்று இருக்கிறது. இரண்டும் பெரிய விலை இல்லை. இரும்பு வாளால் அறுக்கவே கூடாது. அது சரிவாகவும் பிசிரோடும் வெட்டும். வெட்டிய பிறகு முனையைச் சுற்றி விளிம்பைத் தேய்த்து மழுப்ப வேண்டும். குழாயின் கடைசிச் சில சென்ரிமீற்றருக்கு மேற்பரப்பில் கீறல், பெயின்ற், பழைய சோல்டர் எதுவும் இருக்கக் கூடாது. ரப்பர் அணைக்கப் போவது அந்த இடத்தைத்தான்.

பிளாஸ்டிக் குழாய் என்றால் இன்சேர்ட் போடுங்கள். செம்பு தானே விறைப்பானது, அதற்கு வேண்டாம்.

அடுத்தது, ஆட்கள் அதிகம் தவிர்க்கும் படி. இணைப்பைக் குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எவ்வளவு உள்ளே போக வேண்டுமோ அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். சில கொம்பனிகள் குழாயிலேயே அடையாளம் அச்சடித்து விடுகின்றன. இப்போது தள்ளுங்கள். முதலில் பற்களின் தடை ஒன்று வரும். பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ரப்பரின் தடை வரும். அதையும் தாண்டித் தள்ளி, கடைசிப் படியில் முட்டும்போதுதான் முடிந்தது. நீங்கள் போட்ட கோடு இணைப்பின் வாயோடு வந்து சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் கையில் உணர்ந்தது எதுவாக இருந்தாலும் அது முடியவில்லை. பிறகு திரும்ப இழுத்துப் பாருங்கள். பூட்டும் மூடி உள்ள வகை என்றால் அதைத் திருப்பிப் பூட்டுங்கள்.

கடைசியாகத் தண்ணீரை மெல்லத் திறந்து, காய்ந்த ரிஷ்யூ ஒன்றால் இணைப்பைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் ரிஷ்யூவில் தெரியும். ஒரு மணித்தியாலம் கழித்தும், அடுத்த நாள் காலையிலும், சுடுதண்ணீர் ஓடிய பிறகும் திரும்பப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் மூட வேண்டியதை மூடலாம்.

இவ்வளவுதான். இதில் ஒன்றுகூடக் கடினம் இல்லை. ஆனால் ஒன்றைக்கூட விட முடியாது.

பிளம்பர் சொல்வதில் எது சரி

பழைய பிளம்பர்மாரின் ஏளனத்தில் ஒரு பகுதி தொழில் பெருமை. அதை விட்டுவிடலாம். மீதியைக் கேட்கத்தான் வேண்டும்.

பிளாஸ்டிக் குழாயை எலி கடிக்கும். உண்மை. வெயில் நேரே படுகிற இடத்தில் அது கெடும். உண்மை. பொய்லருக்குப் பக்கத்தில் உள்ள முதல் ஒரு மீற்றருக்குச் செம்பையே வைப்பது நல்லது, அங்கே சூடு அதிகம். அதுவும் உண்மை. ரேடியேற்றருக்குப் போகும் குழாய் என்றால் ஒக்சிசனை உள்ளே விடாத தடுப்புப் படலம் உள்ள வகைதான் வேண்டும். இல்லாவிட்டால் காற்று குழாயின் சுவர் வழியே மெல்லப் புகுந்து, ரேடியேற்றர் உள்ளே துருப்பிடிக்கும். குரோம் பூசிய குழாயில் பற்கள் சரியாகக் கடிக்காது. 1970களுக்கு முந்திய வீடு என்றால் அங்குல அளவுக் குழாய் இருக்கலாம். முக்கால் அங்குலமும் 22 மி.மீ.யும் ஒன்றல்ல, அதற்கென்று மாற்று இணைப்பு வாங்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய வாதம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1978 தொடங்கி 1990களின் நடுப்பகுதி வரை பொலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக் குழாயை லட்சக்கணக்கான வீடுகளில் போட்டார்கள். மலிவு, வேகம், யாரும் பொருத்தலாம். பிறகு இணைப்புகளும் குழாய்களும் உடையத் தொடங்கின. தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றை நொறுங்கச் செய்கிறது என்று குற்றச்சாட்டு. வழக்குப் போய், 1995இல் ஏறத்தாழ 950 மில்லியன் டொலர் உடன்படிக்கையில் முடிந்தது. "மலிவானதையும் வேகமானதையும் நம்பாதே, இருபது வருடம் கழித்துத்தான் தெரியும்" என்று பிளம்பர் சொல்லும்போது அவர் மனதில் இருப்பது இப்படியான கதைகள்தான்.

ஆனால் அங்கே பயன்படுத்திய இணைப்புகள் வேறு. பிளாஸ்டிக் அல்லது உலோகத் துண்டைக் குழாய்க்குள் செருகி, வெளியே ஒரு வளையத்தை நெரித்து இறுக்கியவை. நாம் பேசும் பற்களும் ரப்பரும் கொண்ட வகை அல்ல. இங்கே பயன்படும் பொருள்கள் 1999ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பொருத்துகளுக்கான ஒழுங்குவிதிகளுக்கு உட்பட வேண்டும். வாங்கும்போது அதற்கான அங்கீகார அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். இணையத்தில் பெயர் தெரியாத மலிவுச் சாமானை வாங்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஒரு இணைப்பில் மிச்சம் பிடிக்கும் இரண்டு பவுண்ஸ், ஒரு சீலிங்கின் விலைக்கு ஈடாகாது.

பிளம்பரோடு நான் முழுதாக ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. திரும்ப எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் புஷ்-ஃபிட் இணைப்பைப் புதைக்காதீர்கள். தளத்துக்கு அடியில் போக வேண்டும் என்றால் பிளாஸ்டிக் குழாயை வளைத்து ஒரே நீளமாகக் கொண்டு போகலாம். இணைப்புகளை இரண்டு முனையிலும், கை எட்டும் இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக்கின் உண்மையான நன்மையே அதுதான். இணைப்பு சுலபம் என்பதைவிட, இணைப்பு குறைவு என்பது பெரிய விஷயம்.

வீட்டார் சொல்வதில் எது சரி

இனி நம் பக்கம். நம் அப்பாமாரில் பலருக்குக் குழாய் வேலை தெரியாமல் இல்லை. ஊரில் கிணற்றில் இருந்து மோட்டர் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றி, பிவிசி குழாயை வாள் அலகால் அறுத்து, பசை பூசி ஒட்டிப் பழகியவர்கள் அவர்கள். அந்த அனுபவம் பெரிது. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. யாழ்ப்பாணத்து வீட்டில் தொட்டி 6 மீற்றர் உயரத்தில் இருந்தால் கீழே உள்ள டாப்பில் அழுத்தம் 0.6 பார். இங்கே 3 பார் என்றால் ஐந்து மடங்கு. அங்கே குழாய் சுவருக்கு வெளியே ஓடும், கசிந்தால் உடனே தெரியும், தண்ணீர் வாழைக்குப் போகும். இங்கே குழாய் மரத்தளத்துக்கு அடியிலும் பிளாஸ்ரர் போர்டுக்குப் பின்னாலும் ஓடுகிறது. கசிந்தால் சீலிங் ஊறி விழுகிற அன்றுதான் தெரியும். ஒரு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வீதம் கசிந்தாலும் ஒரு நாளில் 1,440 லீற்றர். ஃபிளாற் என்றால் அது உங்கள் தண்ணீர், கீழ்வீட்டுக்காரரின் சீலிங்.

ஆகவே "பிளம்பரைக் கூப்பிடு" என்று வீட்டில் சொல்வதில் பயம் மட்டும் இல்லை. மோட்கேஜ் கட்டி வாங்கிய வீடு என்கிற பொறுப்பும் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

எனக்கு உடன்பாடு இல்லாதது அந்த வசனத்தின் முதல் பாதி: "படிச்ச பிள்ளைக்கு உதெல்லாம் எதுக்கு." கை அழுக்காகிற வேலையை, படிக்காவிட்டால் உனக்கு இதுதான் என்று பயமுறுத்தும் உதாரணமாகவே நாம் கேட்டு வளர்ந்தோம். எனக்கும் எஞ்சினியரிங்கில் முதுகலைப் பட்டம் இருக்கிறது. அதற்குள் திரவங்களின் அழுத்தம் பற்றி ஒரு பாடம் முழுக்க இருந்தது. ஆனால் வீட்டுத் தண்ணீரை எங்கே மூடுவது என்று அந்தப் பாடம் எதிலும் வரவில்லை. பரப்பையும் அழுத்தத்தையும் பெருக்கத் தெரிந்த ஒரு பிள்ளை, அந்தப் பெருக்கலின் விடையைத் தன் கையில் உணர்ந்தால் படிப்பு குறையப் போவதில்லை. கூடத்தான் செய்யும்.

இன்னொன்று. இந்த வேலையை வீட்டில் ஆம்பிளைப் பிள்ளையிடம் மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். இதற்குப் பெரிய பலம் வேண்டாம். தங்கச்சியும் தனியாக ஒரு நாள் வேறு நகரத்தில் ஃபிளாற் எடுத்து இருக்கப் போகிறாள். சிங்க்குக்கு அடியில் தண்ணீர் பீச்சியடித்தால் அப்பாவுக்குக் கோல் எடுத்து அவர் வரும்வரை காத்திருக்க முடியாது.

தெரிந்திருந்தால் வேறொரு பயனும் உண்டு. பிளம்பரைக் கூப்பிடும்போதும் நல்ல வேலை எது என்று உங்களுக்குத் தெரியும். இன்சேர்ட் போட்டாரா, கோடு போட்டாரா, மூடுவதற்கு முன் சோதித்தாரா என்று கேட்கலாம். நல்ல பிளம்பர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். நம் பெற்றோர் பலர், ஆங்கிலம் தடக்கிய காலத்தில், வந்தவர் சொன்னதையும் கேட்ட காசையும் அப்படியே ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்கிற பிள்ளையாக நீங்கள் இருக்கலாம்.

தொடவே கூடாதவை

எல்லை தெரியாத ஆர்வம் ஆபத்து. காஸ் குழாயைத் தொடாதீர்கள். தண்ணீருக்கான புஷ்-ஃபிட்டைக் காசுக்குப் போடவே கூடாது. காஸ் வேலையைக் காஸ் சேஃப் பதிவில் உள்ளவரே செய்ய வேண்டும், அது சட்டம். பொய்லரின் மூடிக்கு உள்ளே கை வைக்காதீர்கள். செப்புக் குழாயில் பச்சை-மஞ்சள் வயர் கட்டியிருப்பதைக் கண்டால் அது மின்சாரப் பாதுகாப்புக்கான எர்த் இணைப்பு. நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் வைத்தால் அந்தத் தொடர்ச்சி முறியும். முதலில் எலக்ட்ரீசியனைக் கேளுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் குழாயை வெட்ட வேண்டியவர் நீங்கள் அல்ல. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டுரிமையாளர்-வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தண்ணீர்க் குழாய்களைத் திருத்தி வைத்திருப்பது பொதுவாக உரிமையாளரின் கடமை என்கிறது. எழுத்தில் அறிவியுங்கள், படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் வேலை, அவர் வரும்வரை தண்ணீரை மூடி வைப்பது.

இந்தச் சனிக்கிழமை

அதனால் எல்லாருக்கும் பொதுவான முதல் பாடம் இணைப்பு அல்ல, ஸ்டொப்கொக். பெரும்பாலும் குசினி சிங்க்குக்கு அடியில், அல்லது படிக்கட்டுக்கு அடியில், அல்லது முன்கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். தேடிப் பிடியுங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் மூடும். பல வருடம் யாரும் தொடாமல் இறுகிப்போய் இருக்கலாம். மெல்ல அசையுங்கள், வலுக்கட்டாயம் வேண்டாம். முழுதாகத் திறந்த பிறகு கால் சுற்றுத் திரும்ப மூடி விட்டால் அடுத்த முறை இறுகாது. வீட்டில் உள்ள எல்லாருக்கும், அம்மம்மாவுக்கும் சேர்த்து, அந்த இடத்தைக் காட்டுங்கள்.

டாப்புக்கும் ரொய்லற்றுக்கும் போகும் குழாய்களில் சின்ன வால்வு இருக்கும். அதன் நடுவில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கிற ஒரு வெட்டு தெரியும். வெட்டு குழாயின் திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் முழு வீட்டின் தண்ணீரையும் நிறுத்தாமல் ஒரு டாப்பை மட்டும் நிறுத்தலாம்.

பிறகு கடைக்குப் போய் 15 மி.மீ. குழாய் ஒரு துண்டு, நாலு இணைப்பு, ஒரு பை இன்சேர்ட், ஒரு கட்டர் வாங்குங்கள். மேசையில் வைத்து வெட்டுங்கள், கோடு போடுங்கள், தள்ளுங்கள், கழற்றுங்கள், திரும்பச் செய்யுங்கள். வேண்டுமென்றே ஒன்றைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள். அது கையில் எப்படி இருக்கிறது, கோடு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பாதி போனதும் முழுக்கப் போனதும் முதலில் ஒரே மாதிரித்தான் இருக்கும். பத்தாவது முறை வித்தியாசம் தெரியும். அது தெரிகிற வரை வீட்டுக் குழாயில் கை வைக்க வேண்டாம். தெரிந்த பிறகு, சிங்க்குக்கு அடியில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உள்ள ஒரு இணைப்பில் தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு வாளியும் ரிஷ்யூ பெட்டியும் இருக்கட்டும்.